முதல் டம்ளர் அவருக்கு

சவரிமுத்து அண்ணா இறந்துவிட்டார் என்ற செய்தி செல்போனில் வந்தபோது, நான் விழுப்புரத்தில் மகள் வீட்டுச் சமையலறையில் கேப்பைக் கூழுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அண்ணாவின் படம், படத்தைச் சுற்றி மெழுகுவர்த்திகள், கீழே கூப்பிய கைகள். நான் நம்பவில்லை. மிச்சமிருந்த வெங்காயத்தையும் உரித்து முடித்தேன்.

இவளுக்குக் கல் நெஞ்சா என்று கேட்காதீர்கள். போன வருடமும் இப்படித்தான் ஒரு செய்தி வந்தது. விழுப்புரத்தில் வேறொரு சவரிமுத்து காலமானதற்கு, யாரோ நம் சவரிமுத்துவின் படத்தை ஒட்டி ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். திண்டிவனம் பேருந்து நிலையத்துக் கடைக்காரர்கள் ஆளுயர மாலையோடு அவர் வீட்டுக்குப் போனால், அண்ணா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாலையை வாங்கி முகர்ந்து பார்த்து, "பூ நல்லா கீது. யாருப்பா செத்தது?" என்று கேட்டிருக்கிறார். கை கழுவியதும் நேராகப் பேருந்து நிலைய மைக் ரூமுக்குப் போனார். "என் பேரு சவரிமுத்து, ஊரு திண்டிவனம். நான் செத்துட்டதா சொல்றாங்க. நான் பாத்த வரைக்கும் அப்பிடி இல்ல" என்று அவரே அறிவித்தார். பேருந்து நிலையமே சிரித்தது.

அதனால் இந்த முறை அவர் மருமகள் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். "நெசந்தாங்க்கா" என்றாள்.

"நீ பாத்தியா?" என் வாயிலிருந்து அப்படித்தான் வந்தது. வேறு வீடாக இருந்தால் போனைப் பட்டென்று வைத்திருப்பார்கள். ஸ்டெல்லா அந்தக் கேள்வியைக் கேட்டே அந்த வீட்டில் வாழ்ந்தவள்.

"பாத்தேங்க்கா. காலைல காப்பி குடிச்சிட்டு சேர்ல சாஞ்சிகினு இருந்தாரு. டம்ளரை எடுக்கப் போனேன். கையில அப்பிடியே இருந்துச்சு. கீழகூட விழல."

அதற்குப் பிறகுதான் அழுதேன். அடுத்த பேருந்தைப் பிடித்தேன்.

திண்டிவனத்தில் வண்டி மாறிய யாருக்கும் அண்ணாவின் முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரிந்திருக்கும். புடவைக் கடை, நகைக் கடை, மூட்டு வலித் தைலம் என்று விளம்பரங்களை வாசிப்பதுதான் எங்கள் பிழைப்பு. நடுநடுவே காணாமல் போன பிள்ளைகள், தொலைந்த பைகள், புறப்படும் பேருந்துகள். ஊர்க்காரர்கள் அந்தச் சின்ன அறையை மைக் ரூம் என்பார்கள். ஆண் குரல் அவர், பெண் குரல் நான். கல்யாணமான புதிதில் சேர்ந்தவள், விழுப்புரத்துக்கு மகள் வீட்டோடு வரும் வரை அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வேலை பார்த்தேன்.

சண்டைக்கு முதல் காரணம் அவருடைய ஒரு வாக்கியம். எந்த விளம்பரம் வந்தாலும் கடைசியில் "என்று கடைக்காரர் சொல்கிறார்" என்று சேர்த்துவிடுவார். அசல் பட்டு என்று கடைக்காரர் சொல்கிறார். தமிழகத்திலேயே மலிவு என்று கடைக்காரர் சொல்கிறார். ஒரு ஜவுளிக்கடை முதலாளி கோபத்தோடு வந்து, "இன்னா சார், மானத்த வாங்குறீங்க?" என்று கேட்டார். அண்ணா பொறுமையாக, "தமிழ்நாடு பூரா போயி வெல கேட்டீங்களா?" என்றார். "அதெப்பிடி சார் போவ முடியும்?" "அப்ப நீங்க சொல்றீங்கன்னுதானே நான் சொல்லணும்?" முதலாளி விளம்பரத்தையே நிறுத்திவிட்டார். இப்படிப் போன வாடிக்கையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பேருந்து விஷயத்திலும் அதே கதைதான். புதுச்சேரி வண்டி வளைவில் திரும்பிவிட்டது என்று டிரைவரே வந்து சொன்னாலும் அறிவிக்க மாட்டார். ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, வண்டியின் மூஞ்சியைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் மைக்கைத் தொடுவார். அதற்குள் ஜனங்கள் ஏறி உட்கார்ந்திருப்பார்கள்.

சேதி சொல்ல அந்த அறைக்குள் யார் வந்தாலும் முதலில் தன் பெயரையும் ஊரையும் மைக்கில் சொல்ல வேண்டும். அது அங்கே எழுதப்படாத சட்டம். ஒரு மழைக்காலத்தில் ஒருவர் ஓடி வந்து, "பாலம் உடைஞ்சி போச்சு, வண்டிங்க போவாது, ஜல்தியா சொல்லுங்க" என்று மூச்சு வாங்கினார்.

"கண்ணால பாத்தீங்களா?"

"சொன்னாங்க சார்."

"யாரு?"

"எல்லாரும்தான்."

"அப்ப எல்லாரையும் இட்டுகினு வாங்க. ஒவ்வொருத்தரா பேரு சொல்லட்டும்." வந்தவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். பாலம் நன்றாகத்தான் இருந்தது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. மைக் ரூம் வாசலில் ஒரு மண்பானை இருக்கும். பயணிகளுக்காக அவரே குழாயில் பிடித்து நிரப்புவார். காலையில் முதல் டம்ளரை நான்கு பேர் பார்க்க நின்றபடி அவரே குடிப்பார். குடித்துவிட்டு, "தண்ணி நல்லா கீது, குடிங்க" என்பார். அதுவரை யாரையும் டம்ளரைத் தொட விட மாட்டார். தண்ணீர் வைப்பது தர்மம், அதை ஊருக்குக் காட்டிக்கொள்ள வேண்டுமா என்று நான் மனசுக்குள் கேலி செய்திருக்கிறேன். இதெல்லாம் மனுஷனின் கிறுக்கு என்றே எடுத்துக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதப் பகல் வரும் வரை.

அந்தச் சமயம் எல்லார் செல்போனிலும் ஒரே சேதி சுற்றிக்கொண்டிருந்தது. வடநாட்டு ஆட்கள் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று. யார் அனுப்பியது, எந்த ஊரில் நடந்தது, ஒன்றும் கிடையாது. ஆனாலும் என் மகள் பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் பயந்தாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான்.

அன்று அனந்தபுரம் போக ஒரு பெண் சின்ன மகளோடு வந்திருந்தாள். வண்டி வந்ததும் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். மகளை ஒயர் கூடையோடு சிமெண்டுப் பலகையில் உட்கார வைத்து, "இங்கியே குந்திகினு இரு" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்க ஓடினாள். கூட்டத்தில் அம்மாவைக் காணாமல் குழந்தை அழுதுகொண்டே இறங்கி நடந்தது. தோளில் போர்வை மூட்டையோடு வந்த ஒரு வடநாட்டு வியாபாரி அதைப் பார்த்திருக்கிறார். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, அவித்து விற்கும் அஞ்சலையிடம் சைகையில் கேட்டிருக்கிறார். பிள்ளை தொலைந்தால் மைக் ரூம் என்பது எங்கள் பேருந்து நிலையத்தில் ஈ எறும்புக்கும் தெரியும். அஞ்சலை எங்கள் அறையைக் கை காட்டினாள். அவர் குழந்தையின் கையில் ஒரு பிஸ்கெட்டைக் கொடுத்து, மறு கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"புள்ள புடிக்கிறவன்!" என்று ஒரு குரல் கிளம்பியது.

நான் அப்போது ஆடித் தள்ளுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். அண்ணா என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். காசு கொடுத்த விளம்பரத்தை அவர் பாதியில் வெட்டியது அன்றைக்குத்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தால், அறைக்கு எதிரே ஒரு வட்டமாகக் கூட்டம். நடுவில் அந்த மனிதர். யாரோ அறைந்து அவர் உதடு கிழிந்திருந்தது. மூட்டை அவிழ்ந்து போர்வைகள் சேற்றில் கிடந்தன. குழந்தை வீறிட்டு அழுதது, அந்த அழுகையே கூட்டத்துக்கு வெறியேற்றியது. ஒருவன் கையில் உருட்டுக்கட்டை. அவரைக் கொன்றுவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 

"கதவ சாத்திடலாம்ணா" என்றேன்.

"சாத்திட்டா அப்பறம் நாம ஒண்ணத்தையும் பாக்க மாட்டோம்" என்றார். மைக்கை வாயருகே கொண்டுபோனார். வண்டி அறிவிப்பு சொல்லும் அதே குரல், ஒரு சுருதி ஏறவில்லை.

"என் பேரு சவரிமுத்து, ஊரு திண்டிவனம். மைக் ரூம்லருந்து பேசுறேன். நான் பாத்தத மட்டும் சொல்றேன். இந்த ஆளு புள்ளய ரோட்டுப் பக்கம் இட்டுகினு போவல. என் ரூமப் பாத்து வந்துகினு இருந்தாரு. அதுக்கு முன்னால பாத்தவங்க யாராச்சும் இருந்தா இங்க வாங்க. பேரு, ஊரு சொல்லிட்டு இன்னா பாத்தீங்களோ அத மைக்ல சொல்லுங்க. அடிக்கணும்னு நெனைக்கிறவங்களும் வரலாம். பேரு சொல்லிட்டு அடிங்க."

நிலையத்தின் எல்லா ஒலிபெருக்கிக் குழாய்களிலும் அது கேட்டது. உருட்டுக்கட்டைக்காரன் அண்ணாந்து குழாயைப் பார்த்தான். யாரும் வரவில்லை. அண்ணா மறுபடியும் அதையே, முதலிலிருந்து சொன்னார்.

"எல்லாருக்குந்தான் தெரியுமே, வாட்ஸப்ல வந்துச்சே!" என்று ஓர் இளைஞன் கத்தினான்.

"வாட்ஸப்புக்கு இன்னா ஊரு தம்பி? இட்டுகினு வா, பேசட்டும்."

எங்கேயோ ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். யாரென்று தெரியாது, அவர் நன்றாக இருக்க வேண்டும். அந்தச் சிரிப்பில் கூட்டத்தின் உடம்பு கொஞ்சம் தளர்ந்ததை நான் ஜன்னலிலிருந்தே பார்த்தேன். அந்த இடைவெளியில் தலையில் மல்லாட்டைக் கூடையோடு அஞ்சலை உள்ளே வந்தாள்.  மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எம் பேரு அஞ்சலை. மல்லாட்டை விக்கிறவ. அந்தாளு எங்கிட்டதான் கேட்டாரு. நாந்தான் இந்த ரூமக் கை காட்டுனேன். நான் பாத்தேன்." கடைசி வார்த்தையைக் கத்திவிட்டாள். குழாய்கள் கீச்சிட்டன.

அதற்குள் அனந்தபுரத்துப் பெண் பேருந்திலிருந்து இறங்கி, மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். குழந்தை அந்தப் போர்வைக்காரரின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, அவர் காலுக்குப் பின்னால்தான் நின்றது.  உருட்டுக்கட்டை எங்கே போனது என்று தெரியவில்லை. சேற்றில் கிடந்த போர்வைகளை இரண்டு பேர் குனிந்து உதற ஆரம்பித்தார்கள்.

அண்ணா அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். "டரோ மத், பேட்டா" என்றார். பயப்படாதே மகனே என்று அர்த்தமாம். அண்ணாவுக்கு இந்தி தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தபோது அந்த மனிதர் டம்ளரைப் பார்த்து மிரண்டார். அண்ணா அந்தத் தண்ணீரைத் தான் குடித்துவிட்டு, மறுபடி மொண்டு கொடுத்தார். பிறகு மைக்கை நீட்டினார். அவர் தன் பெயரையும் ஊரையும் சொன்னார். முன்னா லால் என்ற பெயர் புரிந்தது. ஊர்ப் பெயர் யாருக்கும் பிடிபடவில்லை. ஆனால் இத்தனை நேரம் 'அவன்' என்றே பேசி நின்ற கூட்டம், அந்தப் பெயரைக் கேட்டதும் ஒவ்வொருவராகக் கலைந்தது.

எல்லாம் அடங்கி டீ வந்தது. அண்ணா ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னைக்குத்தான் சகுந்தலா, எங்கப்பாகிட்ட மைக் இருந்துச்சு" என்றார். பயத்தில் மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, அத்தனை வருடம் கூடவே உட்கார்ந்திருந்த எனக்குச் சொல்லாததைச் சொன்னார்.

அவர் அப்பா வல்லம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர். குழி நிலம்கூட இல்லாத குடும்பம், வேதக்காரர்கள் என்பார்களே, கிறிஸ்தவர்கள். அப்பாவுக்கு பஞ்சாபில் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை. அம்மாவும் சிறுவனான இவரும் அங்கே கூட இருந்தார்கள். சுதந்திரம் வந்து நாடு இரண்டாகப் பிரிந்த நேரம். தெருவுக்குத் தோல் பையில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றும் ஒருவர் உண்டு. போகிற போக்கில் இவர் முகத்தில் தெளித்து விளையாடுவாராம். ஒருநாள் அந்த ஆள் தண்ணீரில் விஷம் கலந்துவிட்டான் என்று தெருவில் சேதி கிளம்பியது. கூட்டம் கூடிவிட்டது. அப்பா காக்கி உடுப்போடு போய், அரைகுறை இந்தியில், யார் பார்த்தது, யார் பார்த்தது என்று கேட்டார்.

"எங்கப்பாவுக்கு சின்ன கொரலு. பக்கத்துல நின்னுகினு இருந்த எனக்கே பாதிதான் காதுல விழுந்துச்சு. அவங்களுக்கு எங்க விழப் போவுது?"

அதற்கு மேல் நடந்ததை அண்ணா சொல்லவில்லை. தோல் பை கிழிந்து தண்ணீர் தெருவில் ஓடியது என்று மட்டும் சொன்னார். அவரை உள்ளே இழுத்துக்கொண்டு அம்மா கதவைச் சாத்திவிட்டார். கதவிடுக்கு வழியாக இவர் பார்த்தபோது, ஒரு தெருநாய் அந்தத் தண்ணீரை நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது.

"மறுநாளு அந்த நாய் வால ஆட்டிகினு எங்க வாசலுக்கு வந்துச்சு சகுந்தலா. அதுக்கு மறுநாளும் வந்துச்சு. நான் பாத்தேன். யாருகிட்ட சொல்லுவேன்?"

அந்த ஆள் எந்த மதம், அடித்தவர்கள் எந்தப் பக்கம் என்று நான் கேட்டேன்.  "அத சொன்னா நீ பாதிப் பேர மட்டும் திட்டுவ" என்றார். கடைசி வரை சொல்லவே இல்லை.

எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. கடைக்காரர் சொல்கிறார், வண்டியின் மூஞ்சி, பெயர், ஊர், அந்த முதல் டம்ளர். நான் கிறுக்கு என்று சிரித்ததெல்லாம் பஞ்சாபில் அந்தச் சிறுவன் கதவிடுக்கில் பார்த்ததுதான். அவ்வளவு சின்ன வயதில் அதைப் பார்த்தவர் மனிதர்களை வெறுத்திருக்கலாம், ஒரு மூலையில் ஒடுங்கியிருக்கலாம். இவர் ஜனங்கள் அலைமோதும் இடமாகப் பார்த்து ஒரு மைக்கோடு உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குப் பிறகு அண்ணா லேசாகிவிட்டார். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்த ஆள் போல இருந்தார். எதிரே இருந்த எலுமிச்சை ஜூஸ் கடைக்கு, "ஜூஸ் நன்றாக இருக்கும்" என்று, கடைக்காரர் சொல்கிறார் என்ற வால் இல்லாமல் விளம்பரம் சொன்னார். "குடிச்சிப் பாத்தேன்" என்று எனக்கு விளக்கம் வேறு.

திண்டிவனத்தில் இறங்கி அவர் வீட்டுக்குப் போனபோது வாசல் நிறைய ஜனம். கண்ணாடிப் பெட்டிக்குள் அண்ணாவைப் பார்த்தேன். ஒரு முறைக்கு இரண்டு முறை நன்றாகப் பார்த்தேன். வண்டி சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தால் ஜன்னலில் நின்றபடி அவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. துக்கம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதிதான் வந்தது. அந்தச் சிறுவன் பார்த்த தெருவை இந்த மனிதர் இன்னொரு தரம் பார்க்காமல், நடக்க இருந்ததையும் ஒரு தரம் நிறுத்திவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஊருக்குச் சேதி சொல்ல மைக் கட்டிய ஆட்டோ வந்து நின்றது. "நீங்க பேசுனாத்தான்க்கா சரியா இருக்கும்" என்று டிரைவர் மைக்கை என்னிடம் கொடுத்தார். எழுதி வைத்திருந்த வாசகங்களை நான் படிக்கவில்லை. "என் பேரு சகுந்தலா, ஊரு விழுப்புரம். மைக் ரூம் சவரிமுத்து அண்ணா இன்னைக்குக் காலைல காலமாயிட்டாரு. நான் பாத்தேன்" என்றேன். ஆட்டோ அதையே சொல்லிக்கொண்டு ஊரைச் சுற்றியது.

அவரிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொள்ள ஒரு பொருளும் இல்லை. 'நீ பாத்தியா?' என்ற அந்தக் கேள்வி ஒன்றுதான். அதைப் பேத்தியிடமும் கேட்கிறேன், கோபம் வரும்போது என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். பாதி நேரம் பதில் 'இல்லை' என்றுதான் வருகிறது. கூடவே இன்னொன்றும் என்னோடு வந்துவிட்டது, அது நானாகக் கேட்டு வந்ததில்லை.

அன்றைக்கு மத்தியான வெயில் ஏறியபோது அஞ்சலை மைக் ரூம் வாசலிலிருந்து அந்தப் பானையைத் தூக்கிவந்து, நிரப்பி, அண்ணா வீட்டு வாசற்படியருகே வைத்தாள். வந்தவர்கள் நா வறண்டு நின்றார்கள். பானையைச் சுற்றி நின்றும் ஒருவர்கூடத் தொடவில்லை. இத்தனை வருடப் பழக்கம் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அஞ்சலை என்னைப் பார்த்தாள். பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

நான் போய் ஒரு டம்ளர் மொண்டு, நின்றபடி, முழுவதும் குடித்தேன்.

"தண்ணி நல்லா கீது" என்றேன். "குடிங்க."